ஒட்டுகிறது, ஒட்டவில்லை, பூத்துவிட்டது: கடற்கரை வீட்டில் ரப்பர் ஸ்டாம்ப் கோளாறுகள்

மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வாழ்த்து அட்டையும் தாம்பூலப் பைக்கான அட்டையும் செய்கிறேன். கையில் நானூறு ஸ்டாம்ப் இருக்கும். பாதி மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர், பாதி கிளியர் ஸ்டாம்ப், அதாவது அக்ரிலிக் பிளாக்கில் (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கட்டை) பசையில்லாமலே ஒட்டி எடுக்கும் ஒளி ஊடுருவும் ரகம். இதற்குள் எத்தனையோ கெட்டுப்போய், சரிசெய்து, சிலதைத் தூக்கியும் போட்டாயிற்று. இப்போது உச்சிப்புளி, கீழக்கரை, தங்கச்சிமடம் என்று பக்கத்தில் யாருக்குக் கோளாறு வந்தாலும் டப்பாவோடு இங்கே வந்துவிடுகிறார்கள்.

வருகிற எல்லோரும் "ரொம்ப யூஸ் பண்ணித் தேஞ்சு போச்சு போல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தேய்ந்த ஸ்டாம்பை நான் இதுவரை ஒன்றோ இரண்டோதான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் சும்மா கிடக்கும்போது கெட்டவை. அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது இத்தனை நாள் எதைத் தொட்டுக்கொண்டு இருந்தது? எந்தக் கவர், எந்தச் சுவர், எந்தத் தகரம்? கீழே வருகிற எல்லாக் கோளாறுக்கும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோளாறு: ஸ்டாம்ப் கவரோடு ஒட்டிக்கொண்டது, பிசின் மாதிரி இழுக்கிறது

அதிகம் வருவது இது. முதலில் கவரைப் பாருங்கள், ஸ்டாம்பை அப்புறம் பார்க்கலாம்.

கவர் மெத்தென்று, புது ரெயின்கோட் வாசனையோடு இருக்கிறதா? அது பி.வி.சி. புடவை, பெட்ஷீட் வாங்கும்போது ஜிப் வைத்துக் கொடுக்கிறார்களே, பெரும்பாலும் அதே ரகம். அதை மெத்தென்று ஆக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிந்து கிளியர் ஸ்டாம்புக்குள் இறங்கும். இரண்டும் சேர்ந்து பிசினாகும். வெயில் காலத்தில் பரணில் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். என் முதல் செட் இப்படித்தான் போனது. நல்ல கவராக இருக்கிறதே, ஜிப் வேறு இருக்கிறதே என்று பெருமையாக அடுக்கி வைத்தேன். சித்திரை முடிந்து திறந்தால் இலையும் பூவும் கவருக்குள் உருகிய மிட்டாய் மாதிரி படுத்திருந்தன.

கவரைக் கசக்கினால் மொறமொறவென்று சத்தம் வருகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பயமில்லை. கெட்டி டப்பாவாக இருந்தால் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 5 என்றால் வைக்கலாம், 3 என்றால் பி.வி.சி., வேண்டாம்.

பிரித்தெடுக்கும் முறை: கவரோடு ஃப்ரீசரில் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஸ்டாம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். கவரைத்தான் பின்பக்கமாக மடக்கி உரிக்க வேண்டும். மெல்லிய கோடு உள்ள ஸ்டாம்பை இழுத்தால் கோடு அறுந்துவிடும். உரித்ததும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு, பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

- பிசுபிசுப்பு போய்விட்டது: ஓஹெச்பி ஷீட்டில் (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, பாலிப்ரொப்பிலீன் கவருக்கு மாற்றுங்கள். வேலை முடிந்தது.
- கொஞ்சம் இருக்கிறது: அச்சுப் பக்கத்தில் டால்கம் பவுடரைத் தொட்டு ஊதிவிடுங்கள். ஒரு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.
- கழுவி ஒரு வாரத்தில் மறுபடியும் கசிகிறது: அது தேறாது. மற்ற ஸ்டாம்போடு சேர்த்து வைக்காமல் வீசிவிடுங்கள்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தவர்களுக்கும் இதே கதி. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் பேண்டு ஒரே வருடத்தில் இளகிப் புழு மாதிரி கட்டையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலால் கட்டுங்கள். டப்பாவுக்குள் அந்துருண்டை போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், கண்ணாடி மாதிரி இருக்கும் மலிவு டப்பாக்கள் முதலில் அடிபடும்.

கோளாறு: கிளியர் ஸ்டாம்ப் பிளாக்கில் ஒட்டவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் பத்து நிமிட வேலை.

முதலில் பிளாக்கைத் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் இரண்டு நாள் வெளியே கிடந்த அக்ரிலிக்கை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். காற்றில் வரும் உப்பு படலமாகப் படிந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதன்மேல் எதுவும் பிடிக்காது.

அடுத்து ஸ்டாம்பைக் கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் போர் தண்ணீர் வேண்டாம், காவிரித் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். நம் போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் உப்பைப் போக்க உப்பிலேயே கழுவிய கதைதான், வெள்ளையாகப் பூத்திருக்கும். டீ வடிகட்டியில் போட்டு அலசுங்கள். 'அன்புடன்' என்ற குட்டி ஸ்டாம்ப் ஒன்றை நான் சாக்கடைக்குக் கொடுத்திருக்கிறேன். துண்டால் துடைத்தால் நூல் ஒட்டும். தட்டில் கவிழ்க்காமல் மல்லாத்தி, ஃபேனுக்குக் கீழே வைத்தால் போதும்.

குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பானால் துடைக்கிறவரா? அதில் தோலுக்கான எண்ணெய்ப்பசை இருக்கும். உடனே சுத்தமாகத் தெரியும், நாளாவட்டத்தில் ஒட்டும் தன்மை குறையும். அதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் விழுகிறதென்றால், எடுத்து எடுத்து ஒட்டும் ரகப் பசையைப் பின்னால் மெல்லத் தடவி ஓட்டலாம். அதற்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை.

கோளாறு: மஞ்சளாகிவிட்டது

அச்செடுத்துப் பாருங்கள். நன்றாக விழுகிறதா? விட்டுவிடுங்கள். வெளிச்சமும் மையின் சாயமும் ஏறியதுதான், பார்க்க அழகில்லை, அவ்வளவே. இனி மூடிய அலமாரியில் வையுங்கள். வெளுக்கிறேன் என்று நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதையும் தொடாதீர்கள். மஞ்சள் போகாது, ஸ்டாம்ப் போய்விடும்.

கோளாறு: அச்சு விட்டு விட்டு விழுகிறது

செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம்.

மேசை. அட்டைக்கு அடியில் தினத்தாள் நாலு மடிப்பு அல்லது பழைய மவுஸ் பேட் வைத்து அழுத்திப் பாருங்கள். சரியாக விழுந்தால் மேசைதான் குற்றவாளி.

மை. பேடின் நடுவை விரலால் அழுத்துங்கள். விரலில் பளபளவென்று மை வரவேண்டும். வரவில்லையென்றால் அதே கம்பெனியின் ரீஃபில் மை சில சொட்டு விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். பேடுகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்தால் மை மேற்பரப்பிலேயே நிற்கும். ஆபீஸ் முத்திரைக்கு ஊற்றும் ஊதா மையைக் கைவேலைப் பேடில் ஊற்ற வேண்டாம், இரண்டும் சேராமல் திரியும்.

புது ஸ்டாம்ப். மேலே வழவழப்பான படலம் இருக்கும், மை முத்து முத்தாக உருளும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் நாலு தேய் தேயுங்கள்.

பழைய மை அடைத்திருக்கிறதா? மெல்லிய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர். மரக்கட்டை ஸ்டாம்பைத் தண்ணீரில் முக்கக் கூடாது, ஈரத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் மை போகுமே என்று தங்கச்சிமடத்துத் தோழி ஒருத்தி செய்து பார்த்தாள். மை போயிற்று. ரப்பர் எண்ணெயில் ஊறி மெத்தென்றாகி, ரோஜா முட்டைக்கோஸாக விழுந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓரம் மட்டும் விழுந்து நடு விழவில்லை என்றால், கட்டைக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள ஸ்பாஞ்சைப் பாருங்கள். இங்கேதான் நம் கடற்கரைக்கே உரிய விஷயம் இருக்கிறது. மலிவான ஸ்டாம்புகளில் பாலியூரிதேன் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதையும். பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள்:

- அமுங்கி மெல்ல எழும்புகிறது: நல்லது. மேலே பாரம் வைத்து அடுக்கியதால் தற்காலிகமாகத் தட்டையாகியிருக்கும். இரண்டு நாள் பாரமில்லாமல் விடுங்கள்.
- அமுங்கியது எழும்பவில்லை: ஸ்பாஞ்ச் செத்துவிட்டது.
- ரொட்டித் தூள் மாதிரி உதிர்கிறது அல்லது பாகு மாதிரி ஒட்டுகிறது: சிதைந்துவிட்டது. ரப்பரையும் கெடுக்கும் முன் பிரித்துவிடுங்கள்.

மாற்றுவது கஷ்டமில்லை. ஹேர் டிரையரால் ஓரத்தில் அரை நிமிடம் சூடுகாட்டி, பழைய விசிட்டிங் கார்டை உள்ளே நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்புங்கள். ரப்பரை மட்டும் எடுத்து, ஸ்பாஞ்ச் மிச்சத்தை விரலால் உருட்டி எடுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிக்கூட வேலைக்கு விற்கும் இ.வி.ஏ. ஃபோம் ஷீட், இரண்டு மில்லிமீட்டர், இருபக்க டேப்பில் ஒட்டி, ரப்பரின் ஓரத்தோடு நறுக்கிவிடுங்கள். கட்டையில் திரும்ப ஒட்டும் முன் ஒரு தடவை அச்செடுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அவசரத்தில் ஒரு குத்துவிளக்கைச் சாய்த்து ஒட்டி, ஒரு கல்யாணம் முழுக்கச் சாய்த்தே அச்சடித்தேன்.

ரப்பரிலேயே வெடிப்பு விட்டிருந்தால், மடக்கும்போது முதலைத் தோல் மாதிரி தெரிந்தால், அதற்கு மருந்து கிடையாது. வெயில், காற்று, அடிக்கடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது, ஏதோ ஒன்று. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் போட்டு வைப்பதும் கூடாது. செம்பு பட்டால் இயற்கை ரப்பர் சீக்கிரம் மட்கும். பாட்டி வீட்டுப் பித்தளைச் சம்புடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

கோளாறு: மரக்கட்டையில் கறுப்புப் புள்ளி, டப்பாவைத் திறந்தால் ஊசல் வாடை

இது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் வரும். காரணங்கள் இந்த வரிசையில்: கழுவி ஈரத்தோடு மூடியது; ஈரக் காற்றோடு மூடியது; டப்பா வெளிச் சுவரை ஒட்டி இருந்தது; சுவரே கசிகிறது.

இரண்டாவதுதான் யாருக்கும் புரிவதில்லை. கீழக்கரையிலிருந்து வந்த லாத்தா ஒருவர், "நான் காத்துப் போகாம மூடித்தாம்மா வெச்சேன், எப்படிப் பூத்துச்சு?" என்று கேட்டார். காற்றுப் போகாமல் மூடியதால்தான், லாத்தா. வாடைக்காற்று அடிக்கும் நாளில் மூடினால் அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே பூட்டிக்கொள்கிறது.

எந்த நாளில் மூடலாம் என்பதற்குக் கருவி தேவையில்லை. கொடியைப் பாருங்கள். காயப்போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் விறைப்பாகக் காய்ந்துவிட்டால், அன்று மதியம் டப்பாக்களைத் திறந்து காற்றாடவிட்டு மூடலாம். சாயங்காலம் வரை நசநசவென்று இருந்தால் அன்றைக்குத் திறக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் நிலத்திலிருந்து காற்று வீசும் மதியங்களில் நான் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இப்படித் திறந்து மூடுகிறேன். மணல் பறக்கும் நாளாக இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டும். கருவிதான் வேண்டுமென்றால் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றை டப்பாவுக்குள் போடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை, 70-ஐத் தாண்டினால் அது குடியேற ஆரம்பிக்கும்.

பூத்த கட்டையை வாசலில் வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த பிரஷால் தேயுங்கள். மரத்தை மட்டும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், ரப்பரில் படவேண்டாம். வெயிலில் போடாமல் ஃபேனில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் பூஞ்சை சாவது உண்மைதான், கூடவே ரப்பரும் வாடும், கட்டையும் வளையும்.

உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். அரிசி முடிச்சு, உப்புக் கிண்ணம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். அரிசியில் வண்டு வந்தது, உப்பு நீர்விட்டுக் கட்டை நனைந்தது. செருப்பு டப்பாவில் வரும் பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்துத் தீர்த்திருக்கும், நம்பாதீர்கள். நிறம் மாறும் மணியாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். நீல மணி ரோஸ் ஆகும், ஆரஞ்சு மணி பச்சையாகும். ஓவனில் 120 டிகிரி அளவில் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் சட்டியிலோ சமையல் ஓவனிலோ போடக் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் ஆரஞ்சையே வாங்குங்கள்.

ஓலைப்பெட்டியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பனை ஓலை காற்று விடும் என்பதால் கோடையில் அருமை. மழைக் காலத்தில் ஓலையே பூக்கும். நான் கிளியர் ஸ்டாம்பை அதில் வைப்பதில்லை.

கோளாறு: அட்டையில் துருக்கறை

கறை வளையமா, கோடா என்று பாருங்கள். வளையமென்றால் ஃபைலின் இரும்பு வளையம். கோடென்றால் கிளிப் அல்லது ஸ்டேப்ளர் பின். பரவலாகப் பழுப்பு என்றால் காந்த ஷீட் ஒட்டி வைக்கும் தகர டப்பா. 1914-ல் திறந்த பாம்பன் பழைய பாலத்தையே உப்புக் காற்று விட்டுவைக்கவில்லை, நம் பிஸ்கட் டப்பா எம்மாத்திரம். தகரத்தைப் பெயின்ட் அடித்துக் காப்பாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் வளையம் என்று மாறிவிடுங்கள். பீரோவில்தான் வைக்க வேண்டுமென்றால் ஸ்டாம்பை டப்பாவில் போட்டு அந்த டப்பாவை வையுங்கள்.

கோளாறு: வேண்டிய ஸ்டாம்ப் வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை

இதையும் கோளாறாகத்தான் எண்ணுகிறேன். இதற்கு அதிகம் செலவழித்திருக்கிறேன், ஒரே மயிலை மூன்று தடவை வாங்கி.

எதை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள்? கம்பெனி வாரியாக என்றால் அதுதான் காரணம். வேலை வரும்போது "எந்தக் கம்பெனி" என்று நம் மூளை தேடாது, "நிக்காஹ் அட்டைக்கு ஒரு வளைவு வேண்டும்" என்றுதான் தேடும். அதனால் விசேஷ வாரியாகப் பிரியுங்கள்: கல்யாணம், நிக்காஹ், பெருநாள், கிறிஸ்துமஸ், பொங்கல், பிறந்தநாள். எதிலும் சேராத பூ, இலை, சங்கு, படகு எல்லாம் பொது. ஒரு செட்டாக வந்ததை உடைக்கலாமா? உடையுங்கள், ஆனால் செட்டின் அட்டையில் எது எங்கே போனது என்று எழுதி வையுங்கள்.

பிரித்தும் கிடைக்கவில்லையென்றால் அச்சுப் புத்தகம் இல்லை என்று அர்த்தம். இருநூறு பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு ஸ்டாம்பையும் கறுப்பு மையில் ஒருமுறை அடித்து, பக்கத்தில் எண் போடுங்கள். அதே எண் கட்டையின் பக்கவாட்டில், கவரின் மூலையில், டப்பாவின் முகப்பில். எண்ணைத் தாளில் எழுதிப் பசை போட்டு ஒட்டினால் பூச்சி அரிக்கும், மார்க்கரில் நேராக எழுதுங்கள். புது ஸ்டாம்ப் வீட்டுக்கு வந்தால் நோட்டில் ஏறாமல் டப்பாவுக்குள் ஏறக் கூடாது. கடைக்குப் போகும் முன் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டால் நாலாவது மயில் வராது.

தமிழ் எழுத்து செட் தனிக் கதை. எழுத்துகள் தொலையாது. துணைக்காலும் கொம்பும் ஃ-உம்தான் தொலையும், அவைதான் சின்னவை, துணைக்கால் இல்லாமல் 'வாழ்த்து' கூட அடிக்க முடியாது. நான் ஒரு புது எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி வாங்கினேன். நடுக்கிண்ணத்தில் துணைக்கால், சுற்றிலும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, விசிறி, புள்ளி, ஆய்தம். மெய்யும் உயிரும் வேறு டப்பாவில் அகர வரிசையில். சமையலறையில் ஓடிய பழைய பெட்டியைத் தூக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு எத்தனை தேய்த்தாலும் மூலையில் இருக்கும்.

எப்போது ஆள் கூப்பிடுவது

கட்டைக்கு அடியில் மாவு மாதிரி தூள் விழுந்தால் உளுத்திருக்கிறது. அந்தக் கட்டையைத் தனியே எடுத்து, ரப்பரைக் கழற்றிக்கொண்டு மரத்தை எரித்துவிடுங்கள். வேறு கட்டை ஆசாரியிடம் நறுக்கி வாங்கிக்கொள்ளலாம், நன்றாகக் காய்ந்த மரமாகக் கேளுங்கள். சுவரிலோ அலமாரி முதுகிலோ மண் கோடு தெரிந்தால் அது கரையான். அதைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், மருந்து அடிக்கிறவரை அன்றைக்கே கூப்பிடுங்கள். ஸ்டாம்ப் எல்லாவற்றையும் வேறு அறைக்கு மாற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

நாலு சிலிக்கா ஜெல் போட்டும் ஈரமானி இறங்கவில்லை, அலமாரிக்குப் பின்னால் பெயின்ட் கொப்பளித்து உப்புப் பூத்திருக்கிறது என்றால் அது சுவரின் நோய். கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். அதுவரை அலமாரியை ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள், காலுக்கு அடியில் செங்கல் வையுங்கள்.

ரப்பரே வெடித்துப்போன ஸ்டாம்ப், நீங்கள் வரைந்து செய்வித்ததாக இருந்தால், உங்கள் ஊர் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் புதிதாகச் செய்து கொடுப்பார்கள். வெடித்த ஸ்டாம்பை நீட்டினால் வெடிப்போடுதான் வரும். அச்சுப் புத்தகத்தில் உள்ள நல்ல அச்சைக் கொண்டுபோங்கள். வேறொருவர் வரைந்து கம்பெனி விற்ற டிசைனை அப்படியே நகல் எடுக்கச் சொல்லாதீர்கள், அது அவர்கள் சொத்து. சின்னக் கோடுகள் உள்ள டிசைனானால் ரப்பரா பாலிமரா, எது நிற்கும் என்று கடைக்காரரிடமே கேட்டுவிட்டு, ஒரு அச்சு அடித்துப் பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.